கேபினெட்டைத் தொட்டா சுரீர்னுது, ராத்திரி 2 மணிக்கு ரெண்டு டிஸ்க் காணாம போகுது: எர்த்தா, கேபிளா, டிஸ்க்கே போச்சா?

ராத்திரிவட்டு (பதிவு 1)

வணக்கம் எல்லாருக்கும். மூணு வாரமா இந்த ஒரு பிரச்சனையோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், இனிமே தனியா முடியாதுன்னு தான் இங்க எழுதுறேன். வீட்ல ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வச்சிருக்கேன், 8 டிபி டிஸ்க் ஆறு, ஆறையும் ஒரே பூலா சேர்க்கிற இசட்எஃப்எஸ்ல ரெய்டு இசட்2 போட்டிருக்கேன், 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை), டிஸ்க் ஆறும் மதர்போர்டு சாட்டா போர்ட்லயே நேரா இருக்கு, தனி கார்டு எதுவும் இல்ல. குடும்ப போட்டோ, அப்பாவோட பழைய ஆடியோ ரெக்கார்டிங் எல்லாம் இதுல தான். ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாம ஓடிச்சு. நாலு மாசம் முன்னாடி ரூம் மாத்தினேன், அங்கேருந்து தான் எல்லாமே ஆரம்பிச்ச மாதிரி இருக்கு.

நடக்கிறது இது தான். கேபினெட்டோட இரும்பு பக்கத்தை புறங்கையால தடவினா விறுவிறுன்னு ஒரு நடுக்கம், வெறும் கால்ல நின்னா சுரீர்னே அடிக்குது. அப்புறம் வாரத்துல ரெண்டு மூணு தடவை ராத்திரி 2 மணி சுமாருக்கு ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்துல பூல்லேருந்து விழுந்துடுது, காலைல பாத்தா பூல் டிக்ரேடட், அதாவது டிஸ்க் குறைஞ்ச நிலை. ரீபூட் பண்ணா ரெண்டும் வந்துடும், கொஞ்ச நேரம் ரீசில்வர் (விட்டுப்போன டேட்டாவை அதுல திரும்ப எழுதுறது) ஓடி சரியாயிடும். மூணாவது, ஒரு டிஸ்க்ல ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே எண்ணி வைக்கிற பட்டியல்) 199, அந்த சிஆர்சி எரர் கவுண்ட், 412 காட்டுது, ஏறிக்கிட்டே போகுது. நாலாவது, பேக்கப்புக்கு வச்சிருக்கிற யூஎஸ்பி டிஸ்க், மானிட்டரோட எச்டிஎம்ஐ கேபிளை சர்வர்ல சொருகுற நேரத்துல எல்லாம் டிஸ்கனெக்ட் ஆகுது, ஒரு தடவை சின்னதா பொறி கூட பாத்தேன்.

விழுற ரெண்டுல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு நினைச்சு புது டிஸ்க் வாங்கி அதே இடத்துல மாட்டினேன். நாலு நாள்ல அதுவும் அதே மாதிரி விழுந்துச்சு. எர்த் சரியில்லாததுனால தான் டிஸ்க் விழுதுன்னு ஒரு நண்பர் அடிச்சு சொல்றார். எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க.

வட்டுப்பெட்டி (பதிவு 2)

நண்பா முதல்ல ஒண்ணு, இன்னொரு டிஸ்க் வாங்காதீங்க. அதே இடத்துல புது டிஸ்கும் விழுந்திருக்குன்னா சந்தேகம் டிஸ்க் மேல இல்ல, அந்த இடத்து மேல. அதுக்கு வர்ற கரண்ட், கேபிள், போர்ட், இந்த மூணுல ஏதோ ஒண்ணு.

ரெய்டு இசட்2ல ரெண்டு டிஸ்க் போனா தாங்கும், மூணாவது போனா பூல் நின்னுடும். நீங்க இப்ப வாரத்துல ரெண்டு தடவை அந்த விளிம்புக்கு போய்ட்டு வர்றீங்க. அதனால போட்டோவும் அப்பா ரெக்கார்டிங்கும் இன்னிக்கே வேற எங்கயாவது காப்பி எடுத்துட்டு, சர்வரை அணைச்சிட்டு, அப்புறம் தான் ஸ்க்ரூ டிரைவரை கையில எடுக்கணும். எர்த் பத்தி செம்புக்கம்பி அண்ணன் வந்து சொன்னா நல்லா இருக்கும்.

செம்புக்கம்பி (பதிவு 3)

வந்துட்டேன் தம்பி. வயரிங் வேலை தான் என் தொழில், அதனால கம்ப்யூட்டர் உள்பக்கம் விட்டுட்டு சுவத்துலேருந்து கேபினெட் வரைக்கும் உள்ளதை நான் சொல்றேன்.

அந்த விறுவிறு எங்கேருந்து வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள போற வழியிலயே ஒரு ஃபில்டர் இருக்கும். அதுல ஃபேஸ்லேருந்து பாடிக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரல்லேருந்து பாடிக்கு இன்னொண்ணு, ஒய் கெப்பாசிட்டர்னு சொல்வாங்க. ஹை ஃப்ரீக்வென்சி இரைச்சலை எர்த்துக்கு அனுப்புறது தான் அதோட வேலை. எர்த் ஒயர் சரியா இருக்கிற வரைக்கும் அந்த கசிவு கரண்ட் சத்தமில்லாம எர்த்துல போயிடும். எர்த் எங்கயாவது அறுந்திருந்தா அந்த ரெண்டு கெப்பாசிட்டரும் சேர்ந்து பாடியை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல தொங்க விட்டுடும், அதாவது 230 வோல்ட் லைன்ல பாடியில 110, 115 வோல்ட் மீட்டர்ல காட்டும், 120 லைன் இருக்கிற இடத்துல 60 காட்டும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கம்மியா தான் இருக்கும் வழக்கமா, அதனால தான் ஆளைத் தூக்கி வீசாம விறுவிறுன்னுது. ஆனா அதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. எர்த் இல்லாத நிலையில நாளைக்கு எஸ்எம்பிஎஸ் உள்ள ஃபேஸ் நிஜமாவே பாடியில ஒட்டிக்கிச்சுன்னா காப்பாத்த எதுவுமே இல்ல.

டெஸ்டரை வச்சு பாத்து முடிவுக்கு வராதீங்க. அந்த நியான் லைட் இந்த கசிவுக்கும் எரியும் நிஜ ஃபேஸுக்கும் எரியும். மீட்டர் வேணும். ஏசி ரேஞ்சுல, எர்த் நல்லா இருக்குன்னு தெரிஞ்ச வேற ஒரு பிளக் பாயிண்ட்டோட எர்த்துக்கும் கேபினெட்ல பெயிண்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவுக்கும் நடுவுல பாருங்க. பாதி வோல்ட் வந்தா பெரும்பாலும் கெப்பாசிட்டர் கசிவு. முழு 230 வந்தா உடனே மெயினை அணைச்சிட்டு ஆளைக் கூப்பிடுங்க, வேற எதையும் தொடாதீங்க.

அடுத்தது பிளக்கை சுவத்துலேருந்து முழுசா கழட்டிட்டு ஓம்ஸ்ல வச்சு, பவர் கார்டோட எர்த் பின்னுக்கும் கேபினெட் ஸ்க்ரூவுக்கும் பாருங்க, 1 ஓம்ஸுக்கு கீழ வரணும். எக்ஸ்டென்ஷன் போர்டு ஏதாவது நடுவுல இருக்கா? இருந்தா அதையும் கழட்டி, அதோட பிளக் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு சாக்கெட் எர்த் ஓட்டைக்கும் இதே மாதிரி பாருங்க. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி கேஸ்ல அதிகமா மாட்டுறது எக்ஸ்டென்ஷன் போர்டு தான், சுவத்து எர்த் நல்லாவே இருக்கும், போர்டு உள்ள பச்சை ஒயர் ஸ்க்ரூல நிக்காம தொங்கிட்டு இருக்கும்.

கடைசியா சுவத்து பாயிண்ட். ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரணும், நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட் தான் வரணும். ஃபேஸ்-எர்த் 40, 80னு ஆடிக்கிட்டே இருந்தா அந்த எர்த் எங்கயும் போய் சேரல. ஆனா மீட்டர்ல நல்லா காட்டுறதால மட்டும் எர்த் பலமா இருக்குன்னு சொல்ல முடியாது, ஒரு நூலு கம்பி ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் 230 காட்டும். அதுக்கு எர்த் பாதையோட பலத்தை அளக்கிற லூப் டெஸ்டர் வச்சிருக்கிற எலக்ட்ரீஷியன் தான் வரணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பல்பு போட்டு பாக்குற பழக்கம் சில பேருக்கு இருக்கு, எர்த் அறுந்திருந்தா அந்த நேரத்துல வீட்ல எர்த்தோட இணைஞ்ச எல்லா பாடியிலயும் கரண்ட் ஏறும், தயவு செஞ்சு பண்ணாதீங்க.

புதுச்சிறகு (பதிவு 4)

அண்ணா எனக்கும் இதே விறுவிறு இருந்துச்சு, பவர் கார்டோட எர்த் பின்னை எடுத்துட்டா நின்னுடும்னு எங்கயோ படிச்சேன், இல்லன்னா கேபினெட்லேருந்து ஒரு ஒயர் எடுத்து தண்ணி பைப்ல கட்டலாமா?

செம்புக்கம்பி (பதிவு 5)

ரெண்டுமே வேண்டாம் தம்பி, கெஞ்சி கேக்குறேன். எர்த் பின்னை எடுத்தா விறுவிறு புதுசா வரும், போகாது. ஆடியோ சிஸ்டத்துல ரீங்காரத்தை நிறுத்த சில பேர் அப்படி பண்ணுவாங்க, அது தப்பு, உயிருக்கே ஆபத்து. தண்ணி பைப் இப்ப பாதி இடத்துல பிளாஸ்டிக், நடுவுல ஒரு துண்டு பிளாஸ்டிக் இருந்தாலே அது எர்த் ஆகாது. அப்படி இருக்கும்போது பாடியில ஃபேஸ் ஒட்டுச்சுன்னா பைப்பைத் தொடுற ஆளுக்கு அடிக்கும், குளியலறைல நிக்கிறவங்களுக்கு. எர்த்னா அந்த வீட்டு போர்டுலேருந்து வர்ற எர்த் ஒயர் மட்டும் தான், வேற எதுவும் அதுக்கு மாத்து கிடையாது.

ராத்திரிவட்டு (பதிவு 6)

செம்புக்கம்பி அண்ணா கோடி நன்றி. காப்பி எல்லாம் நேத்தே எடுத்து முடிச்சிட்டேன், அப்புறம் நீங்க சொன்ன வரிசையிலயே பாத்தேன். கேபினெட்டுக்கும் ஹால்ல இருக்கிற பாயிண்ட் எர்த்துக்கும் 108 வோல்ட். பவர் கார்டு 0.3 ஓம்ஸ், அது நல்லா இருக்கு. எக்ஸ்டென்ஷன் போர்டுல நாலு சாக்கெட், நாலுலயும் எர்த்துக்கு மீட்டர் அசையவே இல்ல. பிரிச்சு பாத்தா பிளக் உள்ள பச்சை ஒயர் ஸ்க்ரூலேருந்து உருவி வெளிய வந்து தனியா நிக்குது. ரூம் மாத்தும்போது ஒயரைப் புடிச்சு இழுத்தது நான் தான்.

அந்த போர்டையே தூக்கி போட்டுட்டு சர்வரை நேரா சுவத்து பாயிண்ட்ல மாட்டினேன். சுவத்துல ஃபேஸ்-நியூட்ரல் 232, ஃபேஸ்-எர்த் 231, நியூட்ரல்-எர்த் 1.4. இப்ப கேபினெட்டுக்கும் எர்த்துக்கும் 0.3 வோல்ட் தான், விறுவிறு சுத்தமா போச்சு. எச்டிஎம்ஐ கேபிளை பத்து தடவை சொருகி எடுத்தேன், யூஎஸ்பி டிஸ்க் ஒரு தடவை கூட விழல, பொறியும் இல்ல.

ஆனா நேத்து ராத்திரி 2 மணி 4 நிமிஷத்துக்கு அதே ரெண்டு டிஸ்க் மறுபடி விழுந்துச்சு. சுவத்துல 231 வருதுன்னா எர்த்தை இனிமே சந்தேகப்பட வேண்டாமா, இல்ல இன்னும் ஏதாவது இருக்கா?

தேன்சிட்டு (பதிவு 7)

தம்பி, எர்த் சரியானது பெரிய விஷயம், டிஸ்க் விழுந்ததை வச்சு அதைக் குறைவா நினைக்காதீங்க. யூஎஸ்பி டிஸ்க் விழுந்தது அதனால தான். பாடி 108 வோல்ட்ல தொங்கிட்டு இருக்கும்போது எர்த் ஆன மானிட்டரோட கேபிளை சொருகினா அந்த சார்ஜ் முழுக்க எச்டிஎம்ஐ ஷீல்டு வழியா ஒரே அடியா இறங்கும், பொறி வந்தது அது தான், அந்த அதிர்ச்சில யூஎஸ்பி ரீசெட் ஆகும். போர்ட்டே கருகிப்போன கேஸும் உண்டு.

ஆனா உள்ள இருக்கிற சாட்டா டிஸ்குக்கு எர்த் இல்லாதது அவ்வளவா உறைக்காது. எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, டிஸ்க் எல்லாம் ஒரே பாடியோட சேர்ந்து மேல போய் கீழ வருது, ஒண்ணுக்கொண்ணு நடுவுல வித்தியாசம் இல்ல. படகு அலையில ஏறி இறங்கும்போது உள்ள உக்காந்திருக்கிற ரெண்டு பேருக்கு நடுவுல தூரம் மாறாதுல்ல, அந்த மாதிரி. சாதாரண ஷீல்டு இல்லாத லேன் கேபிளும் அப்படித் தான், ரெண்டு முனையிலயும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, அது வழியா எர்த் வித்தியாசம் தாண்டாது. அதனால உங்ககிட்ட இருக்கிறது ஒரு பிரச்சனை இல்ல, மூணு தனித்தனி பிரச்சனை, ரூம் மாத்தின அன்னிக்கு ஒண்ணா கிளம்பினதால ஒண்ணு மாதிரி தெரியுது. ஒண்ணு முடிஞ்சுது.

மிச்சத்துக்கு ஸ்மார்ட்ல மூணு வகை எண்ணை பிரிச்சு படிக்கணும். நான் இத்தனை வருஷம் ஸ்டோரேஜ் வேலைல கத்துக்கிட்டதுல எனக்கு அதிகமா உதவினது இது தான், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

5, 197, 198 இந்த மூணும் தட்டோட உடம்பு. செக்டர் கெட்டு மாத்தி வச்சது, மாத்தலாமா வேண்டாமான்னு காத்துக்கிட்டு இருக்கிறது, படிக்கவே முடியாதது. இது ஏறினா டிஸ்க் நிஜமாவே கெடுது. 199 ஏறினா டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவுல பாதையில டேட்டா சிதையுது, டேட்டா கேபிள், கனெக்டர், போர்ட். சிதைஞ்சதை சிஆர்சி கண்டுபிடிச்சு திரும்ப அனுப்பச் சொல்லிடும், அதனால பெரும்பாலும் ஃபைல் கெடாது. அந்த எண் குறையவே குறையாது, கேபிள் மாத்தினதுக்கு அப்புறமும் 412னே தான் நிக்கும், 413 ஆகுதாங்கிறது தான் கேள்வி. பல பேர் இதைப் பாத்து நல்ல டிஸ்கை தூக்கி போட்டுடறாங்க, எனக்கு மனசு வலிக்கும்.

மூணாவது வகையை யாரும் பாக்குறதே இல்ல. 12 பவர் சைக்கிள் கவுண்ட், 192 பவர் ஆஃப் ரிட்ராக்ட். ஓடிட்டு இருக்கும்போது திடீர்னு கரண்ட் போனா டிஸ்க் தலையை அவசரமா இழுத்து ஓரமா வச்சுக்கும், அதை 192ல கூட்டிக்கும். சில கம்பெனி டிஸ்க் சாதாரண ஷட்டவுனுக்கும் கூட்டும், அதனால தனியா பாக்காம பக்கத்து டிஸ்கோட ஒப்பிட்டு பாருங்க. ஆறு டிஸ்கும் ஒரே சர்வர்ல ஒண்ணா ஆன் ஆகி ஒண்ணா ஆஃப் ஆகுது, அப்ப 12 ஆறுலயும் ஒரே வேகத்துல தான் ஏறணும். ரெண்டுல மட்டும் கூட ஏறியிருந்தா சர்வர் ஓடிட்டு இருக்கும்போதே அந்த ரெண்டுக்கும் கரண்ட் போய் வந்திருக்குன்னு அர்த்தம். இன்னிக்கு ராத்திரி படுக்க முன்னாடி ஆறுக்கும் எழுதி வையுங்க, விழுந்ததுக்கு அப்புறம் திரும்ப எழுதுங்க. எஸ்டிஏ எஸ்டிபினு சிஸ்டம் குடுக்கிற பேர் வச்சு எழுதாதீங்க, பூட்டுக்கு பூட்டு மாறும், சீரியல் நம்பர் வச்சு எழுதுங்க.

அப்புறம் ராத்திரி 2 மணிக்கு சர்வர்ல என்ன ஓடுது?

ராத்திரிவட்டு (பதிவு 8)

அக்கா நீங்க சொன்னதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் காத்திருந்தேன், நேத்து ராத்திரி விழுந்துச்சு, எண்ணெல்லாம் எடுத்துட்டேன். நாலு டிஸ்க்ல 12ம் 192ம் அசையல. விழுற ரெண்டுல மட்டும் 12 ரெண்டு ரெண்டு ஏறியிருக்கு, 192ம் அதே ரெண்டு. ரீபூட் பண்றதுக்கு முன்னாடியே எடுத்தது அக்கா, கொஞ்ச நேரத்துல ரெண்டும் வேற பேர்ல திரும்ப வந்திருந்துச்சு. 5, 197, 198 ஆறுலயும் பூஜ்யம். 199 மட்டும் வேற ஒரு டிஸ்க்ல, விழாத டிஸ்க்ல, 412லேருந்து 431. அப்ப இது ரெண்டும் வேற வேற தான்.

லாக்ல ரெண்டு டிஸ்குக்கும் ஒரே செகண்ட்ல சாட்டா லிங்க் டவுன், அப்புறம் ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்னு வருது. 2 மணிக்கு பேக்கப் ஜாப். டிஸ்க் எல்லாம் அரை மணி நேரம் சும்மா இருந்தா சுத்துறதை நிறுத்திக்கிற மாதிரி செட் பண்ணியிருக்கேன், பேக்கப் வந்து தான் எல்லாத்தையும் எழுப்பும். இந்த செட்டிங்கும் ரூம் மாத்தினப்ப தான் போட்டேன், பெட்ரூம் பக்கத்துல வந்ததால சத்தம் வேண்டாம்னு.

பவர் எப்படி போகுதுன்னா, எஸ்எம்பிஎஸ்லேருந்து வர்ற சாட்டா கேபிள்ல ரெண்டு டிஸ்க் நேரா இருக்கு. மிச்ச நாலுக்கு கேபிள் எட்டாததால, அதே கேபிளோட கடைசி கனெக்டர்ல ஒண்ணுக்கு நாலு ஸ்ப்ளிட்டர் போட்டிருக்கேன். விழுறது அந்த ஸ்ப்ளிட்டரோட கடைசி ரெண்டு.

வட்டுப்பெட்டி (பதிவு 9)

ஆள் மாட்டிக்கிட்டான். கணக்கு போட்டு பாருங்க நண்பா.

சாட்டா பவர் கனெக்டர்ல 15 பின். 12 வோல்ட்டுக்கு மூணு பின், 5 வோல்ட்டுக்கு மூணு, 3.3க்கு மூணு, மிச்சத்துல பெரும்பகுதி கிரவுண்ட். ஒரு பின் 1.5 ஆம்பியர் தான் தாங்கும், அதாவது ஒரு கனெக்டர் வழியா 12 வோல்ட்ல 4.5 ஆம்பியர். ஒரு டிஸ்குக்கு இது தாராளம். 3.5 இஞ்ச் டிஸ்க் சுத்திட்டு இருக்கும்போது அரை ஆம்பியர் சுமாருக்கு தான் எடுக்கும், ஆனா நின்ன நிலையிலேருந்து கிளம்புற அந்த சில செகண்ட் 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். நாலு டிஸ்கும் ஒண்ணா எழுந்தா 8 ஆம்பியர், அத்தனையும் அந்த ஒரே ஒரு 4.5 ஆம்பியர் கனெக்டர் வழியா போகணும். பகல்ல எல்லாம் சுத்திட்டு இருக்கிறதால ஒண்ணும் தெரியாது, ராத்திரி பேக்கப் எழுப்பும்போது தான் 12 வோல்ட் சரியும், கடைசில இருக்கிறவங்களுக்கு தான் அதிகமா சரியும். 12 வோல்ட்டுக்கு 5 சதவீதம் வரைக்கும் தான் அனுமதி, 11.4க்கு கீழ போனா டிஸ்க் அணைஞ்சு திரும்ப எழுந்தாலும் ஆச்சரியம் இல்ல.

இங்க ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். எஸ்எம்பிஎஸோட சொந்த கேபிள்லயும் ஒரே ஒயர்ல நாலு கனெக்டர் வரிசையா இருக்கே, அது மட்டும் எப்படி சரின்னு. அதுல மொத்த கரண்டும் தடியான ஒயர்ல போகும், ஒவ்வொரு கனெக்டர் பின் வழியாவும் அந்த ஒரு டிஸ்கோட கரண்ட் மட்டும் தான் இறங்கும். ஸ்ப்ளிட்டர்ல நாலு டிஸ்கோட கரண்டும் ஒரே கனெக்டரோட மூணு பின் வழியா நுழையணும். வித்தியாசம் அங்க தான்.

550 வாட்ஸ் பத்தலையோன்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. ஆறு டிஸ்கும் சேர்ந்து எழுந்தாலே 12 ஆம்பியர், 144 வாட்ஸ், உங்க எஸ்எம்பிஎஸ் அதை சாதாரணமா தரும். தர்றது போய் சேரல, அவ்வளவு தான்.

சர்வரை அணைச்சு, பிளக்கைக் கழட்டி, அந்த ஸ்ப்ளிட்டரை உருவி நுழையிற கனெக்டரை நல்ல வெளிச்சத்துல பாருங்க. பழுப்பா மாறியிருந்தா, பிளாஸ்டிக் நெளிஞ்சிருந்தா, மூக்குக்கு கருகின வாசனை வந்தா ஒரு நாள் கூட ஓட்டாதீங்க. அந்த ஸ்ப்ளிட்டர் பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தி செஞ்ச வார்ப்பு டைப்பா, இல்ல ஒயரை அழுத்தி மாட்டுற கிரிம்ப் டைப்பா? வார்ப்பு டைப்ல உள்ள ஒயர் நகர்ந்து பக்கத்து ஒயரோட ஒட்டி தீப்பிடிச்சது உண்டு, வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது.

நெல்மணி (பதிவு 10)

கேபிள் மாத்தப் போறதால ஒரு எச்சரிக்கை, இதை நான் அழுதுட்டே கத்துக்கிட்டேன். மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா (கேபிளைத் தனியா கழட்டி மாட்டுற டைப்), இன்னொரு எஸ்எம்பிஎஸோட கேபிளை எடுத்து இதுல சொருகாதீங்க, ஒரே கம்பெனியா இருந்தாலும் மாடல் வேறன்னா கூடாது. டிஸ்க் பக்கம் கனெக்டர் எல்லாருக்கும் ஒண்ணு, எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த பின்ல 12, எந்த பின்ல 5னு ஆளுக்கு ஒரு வரிசை. கச்சிதமா உள்ள போகும், பட்டனை அமுக்கின உடனே 5 வோல்ட் இடத்துல 12 வோல்ட் ஏறும். எனக்கு ஒரே நொடில நாலு டிஸ்க் போச்சு, என் பொண்ணு முதல் வருஷ வீடியோ அதோட போச்சு. சந்தேகம் இருந்தா மாட்டறதுக்கு முன்னாடி வெறும் கேபிள்ல மீட்டர் வச்சு மஞ்சள் ஒயர்ல 12, சிவப்புல 5 வருதான்னு பாத்துடுங்க. எல்லா ஒயரும் கறுப்பா இருக்கிற கேபிள்னா பின் எண்ணி பாக்கணும்.

ராத்திரிவட்டு (பதிவு 11)

நெல்மணி, படிச்சதும் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. நீங்க எழுதினதால தான் நான் டிராயர்ல இருந்த பழைய கேபிளை எடுக்காம விட்டேன்.

ஸ்ப்ளிட்டரைக் கழட்டினேன். வார்ப்பு டைப் தான். நுழையிற கனெக்டர்ல 12 வோல்ட் மூணு பின் இருக்கிற இடம் தேன் நிறத்துல பழுத்திருக்கு, ஒரு பின் பக்கத்துல பிளாஸ்டிக் லேசா குழிஞ்சிருக்கு. அது மாட்டியிருந்த எஸ்எம்பிஎஸ் கனெக்டரும் அதே இடத்துல கொஞ்சம் நிறம் மாறியிருக்கு. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணேன், கடைசி முனையில மீட்டரை மினிமம் பிடிக்கிற மோடுல வச்சு நாலையும் தூங்க வச்சு எழுப்பினேன். சும்மா இருக்கும்போது 11.9, எழும்போது 10.8 வரைக்கும் போச்சு. எஸ்எம்பிஎஸோட மோலெக்ஸ்ல (பழைய டைப் நாலு பின் பவர் கனெக்டர்) அதே நேரத்துல 12.0 குறையவே இல்ல. ஒரு வோல்ட்டுக்கு மேல அந்த கனெக்டர் சூடா தின்னுருக்கு. குழந்தை தூங்குற ரூமுக்கு பக்கத்துல இது இத்தனை நாள் இருந்திருக்குன்னு நினைச்சா கை நடுங்குது.

நிறம் மாறின எஸ்எம்பிஎஸ் கனெக்டரை இனிமே எதுக்கும் பயன்படுத்தக் கூடாதுதானே?

செம்புக்கம்பி (பதிவு 12)

கூடாது தம்பி. ஒரு தடவை சூடான காண்டாக்ட்ல ஸ்பிரிங் விட்டுப்போயிருக்கும், பிடிமானம் கம்மி, பிடிமானம் கம்மின்னா இன்னும் சூடு. வெளிய சுத்தம் பண்ணி போட்டாலும் திரும்ப அங்கேயே வரும். அந்த கேபிளையே மாத்திடுங்க. அப்புறம் பதிவு 6ல கேட்டீங்கள்ல, சுவத்து எர்த் பத்தி: ஒரு நாள் எலக்ட்ரீஷியனை வச்சு லூப் அளந்துடுங்க, அவசரம் இல்ல, ஆனா விட்டுடாதீங்க.

வட்டுப்பெட்டி (பதிவு 13)

எஸ்எம்பிஎஸ் கம்பெனிகிட்டயே உங்க மாடலுக்குன்னு உள்ள சாட்டா கேபிள் ரெண்டு கேளுங்க, ரெண்டும் தனித்தனியா, ஆளுக்கு மூணு டிஸ்க். எட்டலன்னா மோலெக்ஸ்லேருந்து சாட்டாவுக்கு கிரிம்ப் டைப், மோலெக்ஸ் பின் தடியானது, இந்த வேலைக்கு தாங்கும். வார்ப்பு டைப் எதுவுமே வேண்டாம்.

போர்டு பயாஸ்ல ஸ்டாகர்டு ஸ்பின் அப்னு இருந்தா போடுங்க, ஆன் பண்ணும்போது டிஸ்க் ஒண்ணு ஒண்ணா கிளம்பும். ராத்திரி எழுப்புறதுக்கு அது எப்பவும் உதவாது, அதனால என் அபிப்பிராயம், அந்த தூங்க வைக்கிற செட்டிங்கையே எடுத்துடுங்க. தினமும் நிறுத்தி கிளப்புறது டிஸ்குக்கும் நல்லதில்ல.

431 டிஸ்குக்கு டேட்டா கேபிள் எப்படி போகுதுன்னு பாத்தீங்களா? பக்கவாட்டு மூடி அமுக்குதா, பவர் ஒயரோட சேர்த்து டை போட்டு இறுக்கியிருக்கா?

மணல்மேடு (பதிவு 14)

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், மோலெக்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. யூஎஸ்பி பெட்டியை உடைச்சு எடுத்த டிஸ்கை சர்வர்ல மாட்டி, சுத்தவே மாட்டேங்குதுன்னு திருப்பி அனுப்புறவங்க இருக்காங்க. புது சாட்டா ஸ்பெக்ல மூணாவது பின், முன்னாடி 3.3 வோல்ட்டா இருந்தது, இப்ப டிஸ்கை அணைக்கிற சிக்னல். பழைய எஸ்எம்பிஎஸ் அதுல 3.3 குடுத்துக்கிட்டே இருந்தா டிஸ்க் அணைஞ்சே இருக்கணும்னு நினைச்சுக்கும். மோலெக்ஸ்ல 3.3 கிடையாது, அதனால மோலெக்ஸ் வழியா குடுத்தா ஓடும். இல்லன்னா அந்த பின் மேல காப்டான் டேப் (சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்) ஒட்டலாம், மெலிசா வெட்டி ஒட்டணும், பக்கத்து பின்ல ஏறக்கூடாது.

புதுச்சிறகு (பதிவு 15)

செம்புக்கம்பி அண்ணா, நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் எர்த்தை சரி பண்ணிட்டேன், ஆனா இப்ப சில சமயம் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனை அணைக்கிற சுவிட்ச்) ட்ரிப் ஆகுது. முன்னாடி ஆகல. எர்த் குடுத்தது தப்பா போச்சோ?

செம்புக்கம்பி (பதிவு 16)

தப்பே இல்ல தம்பி. முன்னாடி கசிவு போக வழியில்ல, இப்ப போகுது, ஆர்சிசிபி அதைப் பாக்குது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15லேருந்து 30க்குள்ள எங்க வேணா விழலாம். ஒவ்வொரு எஸ்எம்பிஎஸும் கொஞ்சம் கொஞ்சம் கசியும், ஒரே ஆர்சிசிபில கம்ப்யூட்டர், யூபிஎஸ், வாஷிங் மெஷின்னு எல்லாம் இருந்தா சேர்ந்து அங்க போயிடும். ஒவ்வொண்ணா கழட்டி பாருங்க, ஒரு குறிப்பிட்ட சாமான் மாட்டினா மட்டும் விழுந்தா அதுல நிஜ லீக் இருக்கு. அப்படி இல்லன்னா சர்க்யூட்டைப் பிரிச்சு ரெண்டு ஆர்சிசிபி போடச் சொல்லுங்க. எர்த்தை மட்டும் திரும்ப எடுத்துடாதீங்க.

தேன்சிட்டு (பதிவு 17)

ராத்திரிவட்டு தம்பி, டேட்டா கேபிள் மாத்தும்போது ஒண்ணு. ஒரே நேரத்துல கேபிளும் போர்ட்டும் சேர்த்து மாத்தாதீங்க, எது காரணம்னு தெரியாம போயிடும். கேபிளை மட்டும் மாத்தி ஒரு ஸ்க்ரப் (பூல்ல உள்ள டேட்டா முழுக்க படிச்சு சரிபாக்குறது) ஓட்டுங்க, 199 ஏறலன்னா கேபிள் தான். ஏறினா அந்தப் புது கேபிளோடயே போர்ட்டை மட்டும் மாத்துங்க. கேபினெட்டுக்குள்ள போடுற சாட்டா கேபிள் கனெக்டரை ஐம்பது தடவை சொருகி எடுக்கிற கணக்குல தான் செஞ்சிருக்காங்க, அதனால சும்மா சும்மா கழட்டி மாட்டறதும் வேண்டாம். கிளிப் வச்ச கேபிள், ஒரு மீட்டருக்கு கம்மி, கூர்மையா மடிக்காம.

பின்னாடி யாராவது தனி எச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க் மாட்ட உதவுற கார்டு) போட்டு எட்டு டிஸ்கும் ஒண்ணா விழுதுன்னு இதைப் படிச்சா, கார்டோட ஹீட் சிங்க்கை தொட்டு பாருங்க. அதெல்லாம் சர்வர் கேபினெட்ல காத்து பலமா அடிக்கும்னு நினைச்சு செஞ்சது, வீட்டு கேபினெட்ல ஒரு சின்ன ஃபேன் நேரா அதுமேல அடிக்கணும். ஒரு முனை நாலா பிரியிற கேபிள் வாங்கும்போது ஃபார்வர்டா ரிவர்ஸான்னு பாத்து வாங்குங்க, கார்டுலேருந்து டிஸ்குக்கு போறது ஃபார்வர்ட். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி வாங்கினா ஒரு டிஸ்கும் தெரியாது.

ராத்திரிவட்டு (பதிவு 18)

மூணு வாரம் கழிச்சு வர்றேன், இடைல எழுதாததுக்கு காரணம் உறுதியா தெரியாம எதுவும் சொல்ல வேண்டாம்னு தான்.

எஸ்எம்பிஎஸ் கம்பெனிகிட்டேருந்து அதே மாடலுக்கு ரெண்டு கேபிள் வந்துச்சு, மாட்டறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு பாத்தேன், ஆளுக்கு மூணு டிஸ்க் போட்டேன். எழுப்பும்போது கடைசி முனையில 11.8க்கு கீழ போகல. தூங்க வைக்கிற செட்டிங்கையும் எடுத்துட்டேன், சத்தத்துக்கு டிஸ்குக்கு கீழ ரப்பர் வாஷர் போட்டதே போதுமா இருக்கு. 12ம் 192ம் ஆறு டிஸ்க்லயும் இப்ப ஒண்ணா தான் நகருது, ஒரு ராத்திரி கூட விழல.

431 டிஸ்கோட கேபிள், வட்டுப்பெட்டி சொன்ன மாதிரியே, பக்கவாட்டு மூடி அமுக்கி கனெக்டர் கழுத்துகிட்ட மடிஞ்சிருந்துச்சு. கேபிளை மட்டும் மாத்தினேன். ஸ்க்ரப் ரெண்டு தடவை முழுசா ஓடி முடிஞ்சுது, செக்சம் எரர் பூஜ்யம், 199 இன்னும் 431.

எலக்ட்ரீஷியன் வந்து லூப் அளந்தார், சுவத்து எர்த் நல்லா இருக்கு. அப்பா ரெக்கார்டிங் இப்ப மூணு இடத்துல இருக்கு, ஒண்ணு தங்கச்சி வீட்ல.

கெட்டுப்போச்சுன்னு நினைச்சு எடுத்து வச்சிருந்த பழைய டிஸ்கை தனியா மாட்டி லாங் டெஸ்ட் போட்டேன், முக்கால் நாள் ஓடிச்சு, ஒரு செக்டர் கூட கெடல. அதை ஸ்பேரா சீரியல் நம்பர் ஒட்டி அலமாரில வச்சிருக்கேன்.